வலையில் ஒரு வந்தியத்தேவன்!

கல்ச்சுரல்ஸ் தேதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சா? ‘சினிமா கெட்டப்’ ரவுண்டுக்கு உங்களைக் கேட்காமலேயே உங்க பேரை ஃப்ரெண்ட்ஸ் எழுதிக் கொடுத்தாச்சா? அடுத்து நேரா டிரஸ் வாடகைக் கடைக்குத்தான் போயிருப்பீங்க. டிரஸ்ஸுக்கு வாடகை, அதுக்கு ஒரு அட்வான்ஸ், விக் தனி, நகை தனி, கிழிஞ்சா ஃபைன்னு கடைக்காரர் அடுக்க அடுக்க, ‘இதோ வர்றேண்ணே’ன்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆகியிருப்பீங்க.

கவலையை விடுங்க பாஸ்! கையில ஆயிரம் ரூபாய், பத்து நாள் டைம், ஒரு ஊசி. இது போதும். ‘அட, நிஜமாவே சினிமாவுல இருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கே’ன்னு கடைசி பெஞ்ச் வரைக்கும் விசில் அடிக்க வைக்கலாம். எப்படின்னு கேக்குறீங்களா? வாங்க, புன்னக்காயல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

முகத்தை விடு... முடியைப் பிடி!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். 2005-ல வந்த ‘அந்நியன்’ ஞாபகம் இருக்கா? அம்பி, ரெமோ, அந்நியன்... மூணு பேருக்கும் முகம் ஒண்ணுதான், விக்ரம் முகம். ஆனா தியேட்டர்ல ஒருத்தர்கூட குழம்பலை. ஏன்? அம்பிக்கு எண்ணெய் தடவி இழுத்துக் கட்டின குடுமி. ரெமோவுக்கு ஸ்டைல் முடி. அந்நியனுக்கு முகத்துல வந்து விழுற நீளமுடி. முடி மாறினா ஆளே மாறிட்டார்!

2006-ல ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’. வடிவேலுக்கு இரட்டை வேஷம். புலிகேசியையும் உக்கிரபுத்திரனையும் பிரிச்சுக் காட்டினதுல பாதி வேலையைச் செஞ்சது மீசை. ‘பொன்னியின் செல்வன்’ ரெண்டு பாகத்துலயும் (2022, 2023) பாருங்க. நந்தினியும் ஐஸ்வர்யா ராய், ஊமை ராணியும் ஐஸ்வர்யா ராய். ஒருத்திக்கு ராணி அலங்காரம், இன்னொருத்திக்கு நரைச்ச முடி. கதை முடிஞ்சுது.

இதுல உங்களுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கு. சினிமா டிரஸ் கேமராவுக்காகத் தைக்கிறது. குளோஸ்-அப்ல ஒவ்வொரு நூலும் தெரியும். அதனாலதான் பொன்னியின் செல்வன் நகைகளை ஹைதராபாத் கிஷன்தாஸ் நகைக்கடையில நிஜ நகையாவே செஞ்சாங்க. டிரஸ் டிசைனர் ஏகா லக்கானி. அந்த ரூட்ல நாம போனா அப்பாவோட பி.எஃப். பணமும் பத்தாது. ஆனா உங்க ஆடியன்ஸ் இருபதாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அங்க இருந்து பார்த்தா நகையில இருக்குற கல்லா தெரியும்? தலைமுடி, உடம்போட அவுட்லைன், ஒரு கலர், கையில ஒரு பொருள்... இந்த நாலுதான் தெரியும். காசை அங்க போடுங்க. மத்ததெல்லாம் சும்மா ஒப்பேத்திக்கலாம்.

குலசையில கிளாஸ் எடுக்குறாங்க

‘இதெல்லாம் யார் சொன்னது?’ன்னு கேட்டா, நம்ம குலசேகரன்பட்டினத்தைக் கை காட்டலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்துல இருக்குற இந்த ஊரோட முத்தாரம்மன் கோயில் தசரா, மைசூருக்கு அடுத்து பேர் வாங்கினது. நவராத்திரிக்குக் கொடியேறி, காப்புக் கட்டினதும் பக்தர்கள் வேஷம் போட ஆரம்பிச்சுடுவாங்க. காளி, ராஜா, அனுமார், குறவன் குறத்தி, போலீஸ், கரடி, பிச்சைக்காரர்னு எத்தனையோ வேஷம். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம் நடக்கும்போது அந்த மணல்ல நின்னு பாருங்க. உலகத்துல எந்த ஃபேன்ஸி டிரஸ் போட்டியும் கிட்ட வர முடியாது!

வேஷம் போடுறவங்கள்ல பெரும்பாலானவங்க பெரிய பணக்காரங்க இல்லை. கொத்தனார், டிரைவர், கடையில வேலை பாக்குறவர், நம்மள மாதிரி காலேஜ் பசங்க. அவங்க காசை எங்க போடுறாங்கன்னு கவனிங்க. காளி வேஷத்துக்குன்னு தனி லிஸ்ட்டே உண்டு. சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூலாயுதம், முதுகுக்குப் பின்னாடி கட்டுற கைகள். லிஸ்ட்ல பாதிக்கு மேல கழுத்துக்கு மேலதான்! துணி வெறும் சிவப்புச் சேலைதான். ஆனா நாலு தெரு தள்ளி வரும்போதே ‘காளி வருது’ன்னு குழந்தை சொல்லிடும்.

இன்னொரு டெக்னிக்கும் அதுலயே ஒளிஞ்சிருக்கு. விக் போட்டா மாட்டிக்கிற இடம் நெற்றி. சொந்தத் தோல் முடிஞ்சு விக் ஆரம்பிக்கிற கோடு பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். நெற்றிப்பட்டை கட்டினா அந்தக் கோடு காணாமப் போயிடும். தலைப்பாகை, உருமா, நெற்றிச்சுட்டி எல்லாத்துக்கும் அதே வேலையைக் கொடுக்கலாம். நோட் பண்ணிக்கோங்க.

புன்னக்காயல் வலை... அதுல ஒரு விக்!

இப்போ திருச்செந்தூரைத் தாண்டி வடக்கே வாங்க. தாமிரபரணி கடல்ல போய்ச் சேர்ற இடம் புன்னக்காயல். 1586-ல அண்டிரிக் அடிகளாரோட ‘அடியார் வரலாறு’ அச்சான ஊர்னு போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே, அதே ஊர்தான். இங்க எந்தத் தெருவுக்குப் போனாலும் வலை இருக்கும், வலையைச் சரி பண்ணத் தெரிஞ்ச கையும் இருக்கும். விக்குக்கு அஸ்திவாரமே வலைதான். காஸ்ட்லி விக்கை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பாருங்க. ஒரு மெல்லிசு வலைத் தொப்பி, அதுல முடிச்சு முடிச்சா முடி. அவ்வளவுதான் மேட்டர்!

நம்ம மாடல் யாரு? வந்தியத்தேவன். ஏன்னா கல்கி எழுதின கதைப்படி அவன் ராஜ்யத்தை இழந்த வாணர் குலத்து இளவரசன். பட்டும் இல்லை, கிரீடமும் இல்லை. ஒரு நீளமுடி, ஒரு மீசை, ஒரு வாள், நிறைய வாய். பட்ஜெட்டுக்கு இவனை விட்டா ஆள் கிடையாது! பொண்ணுங்களும் தாராளமா இவனைப் போடலாம். நந்தினி வேணும்னாலும் அதே விக்தான். நீளத்தை மட்டும் கூட்டிக்கோங்க.

முதல் வேலை: இஞ்ச் டேப் எடுத்து நெற்றி முடிக்கோட்டுல இருந்து காதுக்கு மேல போய், பிடரி சுத்தி வந்து அளந்துக்கோங்க. பெரும்பாலானவங்களுக்கு 22 அங்குலம் பக்கத்துல வரும். ஒரு பலூனை அதே சுற்றளவுக்கு ஊதி, மேல பேப்பரைக் கிழிச்சு மைதாப் பசை தடவி நாலஞ்சு அடுக்கு ஒட்டி வெயில்ல காய வைங்க. ஓசியிலேயே ஒரு தலை ரெடி. இனிமே உங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்கார வேண்டாம்.

ரெண்டாவது, வலை: விரல் நுனி நுழையுற அளவு, அதாவது அரை அங்குலக் கண்ணி இருக்குற பழைய நைலான் நூல் வலையில 20 அங்குல சதுரம் ஒண்ணு கேளுங்க. கண்ணாடி மாதிரி இருக்குற தங்கூசி வலை வேண்டாம், தலையைக் குத்தும். ‘அண்ணாச்சி, கிழிஞ்ச வலைல ஒரு துண்டு தாங்க’ன்னு கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. சோப்புல ரெண்டு தடவை அலசி வெயில்ல போடுங்க. இல்லைன்னா மேடையில நீங்க ஏறுறதுக்கு முன்னாடி மீன் வாசம் ஏறிடும்! கடலோரத்துல இல்லாதவங்க வெங்காய மூட்டை வலையை வச்சு சமாளிக்கலாம்.

வலையைப் பலூன் தலை மேல போர்த்தி, ஓரம் முழுக்க எலாஸ்டிக் வச்சுத் தையுங்க. எலாஸ்டிக் உங்க தலை அளவைவிட 2 அங்குலம் குறைச்சலா இருக்கணும். அப்பதான் கப்புன்னு பிடிக்கும். மிச்ச வலையை உள்பக்கமா மடிச்சுத் தைச்சிடுங்க.

மூணாவது, முடி: கறுப்பு உல்லன் நூல். 15 அங்குல அட்டை ஒண்ணுல நூலைச் சுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெட்டினா 30 அங்குலத் துண்டுகள் கிடைக்கும். மூணு துண்டைச் சேர்த்து நடுவுல மடிங்க. மடிச்ச வளையத்தைக் கண்ணி வழியா இழுத்து, நூலோட வாலை அந்த வளையத்துக்குள்ள விட்டு இறுக்குங்க. ஒரு முடிச்சு ஆச்சா? இதே மாதிரி சுமார் 300 முடிச்சு. பிடரியில ஆரம்பிச்சு வரிசை வரிசையா மேல ஏறுங்க. மேல் வரிசை கீழ் வரிசையை மூடிக்கிட்டே வரும். நெற்றி ஓரம் கடைசியா, கொஞ்சம் நெருக்கமா.

கணக்குல வீக்கா இருக்குறவங்களுக்கு நாமளே போட்டுத் தர்றோம். 300 முடிச்சு, மூணு துண்டு, ஒவ்வொண்ணும் 30 அங்குலம்... மொத்தம் கிட்டத்தட்ட 690 மீட்டர் நூல். கடையில கிராம் கணக்குலதான் பேசுவாங்க. நீங்க லேபிள்ல எத்தனை மீட்டர்னு பாருங்க. தடி நூல் வாங்கினா எடை ஏறும், மீட்டர் குறையும், கழுத்து வலிக்கும். மெல்லிசுதான் பெஸ்ட்.

முடிச்சுக்கு ஒரு நிமிஷம்னு வச்சாலும் தனியா போட்டா 5 மணி நேரம். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் உக்காந்தா ஒண்ணேகால் மணி நேரம். அரட்டையோட அரட்டையா விக் ரெடி! அப்புறம் நெருக்கமான சீப்பால நுனியில இருந்து சீவுங்க. நூலோட இழை பிரிஞ்சு தானா சுருள் சுருளா நிக்கும். உல்லன் நூல்னு பேரே தவிர, நாம மலிவா வாங்குறதுல பெரும்பாலும் அக்ரிலிக்தான். அதனால அயர்ன் பாக்ஸை மேல வச்சுடாதீங்க, உருகி ஒட்டிக்கும். அதே காரணத்துக்காக விக்கோட சூடம், குத்துவிளக்கு, மத்தாப்பு பக்கமே போகாதீங்க. ஸ்கிட்ல தீ வேணும்னா ஆரஞ்சு துணியும் டேபிள் ஃபேனும் போதும்.

போடும்போது சொந்த முடியைப் படிய வாரி, பழைய கறுப்பு பனியன் துணியில ஒரு தொப்பி. அதுக்கு மேல விக். வலை ஓட்டை வழியா மண்டை தெரியாது. நாலு ஹேர்பின் போட்டுட்டா ஆடினாலும் கழண்டு விழாது.

வெட்டாதே... மடிச்சுத் தை!

டிரஸ்ஸுக்கு வருவோம. இங்கதான் நிறைய பேர் வீட்டுல திட்டு வாங்குறது. கெட்டப் மூணு நிமிஷம், அம்மா சேலை இருபது வருஷம். ஒரு ரவுண்டு கைதட்டலுக்காக வீட்டுல இருக்குற நல்ல துணியில கத்தரிக்கோல் வைக்காதீங்க. தேவையும் இல்லை.

நந்தினியா? அம்மாவோட பட்டு மாதிரி சேலையை மடிப்பு எடுத்து, மடிப்புகளை உள்பக்கமா நீளநீளமான ஓட்டுத் தையல்ல பிடிங்க. இடுப்புல நாடா வச்சு, பாவாடை மாதிரி கட்டிக்கலாம். ப்ரோகிராம் முடிஞ்சதும் நூலை உருவினா சேலை முழுசா அம்மா பீரோவுக்குத் திரும்பிடும். நைசான ஊசி, ஒத்தை நூல். தையல் தடம்கூட தெரியாது.

வந்தியத்தேவனா? எட்டு முழ வேட்டியைக் கச்சம் வச்சுக் கட்டி, மேல துண்டைக் குறுக்கே போட்டு, இடுப்புல ஒரு கலர் துணியை இறுக்கிச் சுத்துங்க. புது வெள்ளை வேட்டி மேடை லைட்டுல டியூப்லைட் மாதிரி அடிக்கும். பழைய காட்டன் வேட்டியை டீத்தூள் டிகாஷன்ல அரை மணி நேரம் ஊற வைங்க. ஆயிரம் வருஷத்துப் பழுப்பு வந்துடும். காட்டன்ல மட்டும்தான் இது பலிக்கும், பாலியஸ்டர் டீயைக் குடிக்காது. மஞ்சள் கலர் வேணும்னு மஞ்சத்தூளைக் கரைச்சா ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். சோப்பு பட்டா அது சிவப்பாயிடும், வெயில்ல வெளிறிடும்.

வெட்டித் தைக்க வேண்டியது இடுப்புக் கச்சை, கைப்பட்டை, நெற்றிப்பட்டைன்னு சின்ன ஐட்டங்கள்தான். அதுக்குக் கட்பீஸ் கடையில வெல்வெட், லைனிங் துண்டு கேளுங்க. ஓரத்துல ஜரிகை லேஸ். மெஷின் வேணுமா? அரசு கொடுத்த இலவசத் தையல் மெஷின் ஓடுற வீடு உங்க தெருவுலயும் இருக்கும். அந்த அக்காகிட்ட கேட்டு, அவங்க வேலைக்குக் காசும் கொடுத்துடுங்க. ‘கல்ச்சுரல்ஸ்தானேக்கா’ன்னு ஓசியில முடிக்கப் பார்க்காதீங்க. அதுதான் அவங்க பொழப்பு.

கச்சை, கவசம், நகைக்கு ஃபோம் ஷீட் வாங்கி வெட்டுங்க. பென்சில்ல டிசைன் வரைஞ்சு, அது மேல ஃபெவிகாலைக் கோடு கோடா பிதுக்கிக் காய விட்டா எழும்பி நிக்கும். அதுக்கு மேல கோல்டு பெயிண்ட் அடிச்சுட்டு, காய்ஞ்சதும் கறுப்பைப் பள்ளத்துல தேய்ச்சுத் துடைங்க. இருபதாவது வரிசைக்கு அது சோழர் காலத்துத் தங்கம்! வாளுக்கு அட்டையும் அலுமினிய ஃபாயிலும். இரும்பு வேண்டவே வேண்டாம். குலசையிலயே இரும்பு ஆயுதம் கொண்டு வரக் கூடாதுன்னு நிர்வாகம் அறிவிக்கும். லட்சக்கணக்குல கூட்டம் நிக்குற இடத்துக்கு உள்ள அந்த ரூல் காலேஜ் மேடைக்கும் பொருந்தும்.

மீசையில வேண்டாம் வீம்பு

மீசைக்கு மிச்சமிருக்குற உல்லனைச் சீவிப் பிரிச்சு, மெல்லிசு துணிப் பட்டையில ஒட்டி, கத்தரிச்சு ஷேப் கொண்டு வாங்க. முகத்துல ஒட்ட மேக்கப் கடையில கிடைக்கிற கண் இமைப் பசையோ, தோலுக்குன்னே இருக்குற ரெண்டு பக்க டேப்போ போதும். முந்தின நாளே கையில கொஞ்சம் தடவிப் பாருங்க. அரிச்சா வேற மாத்துங்க.

ஃபெவிக்விக் பக்கம் மட்டும் தயவுசெஞ்சு போகாதீங்க! அந்த வகைப் பசை தோலைக் கப்புன்னு பிடிக்கும். பஞ்சு, உல்லன் மாதிரி இழைகள்ல பட்டா சூடாகி, தோலைப் பொசுக்கவும் செய்யும். ரெண்டு நிமிஷ மீசைக்கு ரெண்டு மாசத் தழும்பு தேவையா?

ஆயிரம் ரூபாய் பட்ஜெட்

விக்குக்கு 400. துணி, லேஸ், தையல் கூலிக்கு 250. கச்சை, நகை, வாளுக்கு 200. மேக்கப்புக்கு 100. கடைசி நேரத்துல எலாஸ்டிக் அறும், ஊக்கு தொலையும்... அதுக்கு 50. துணியிலயும் நகையிலயும் எவ்வளவு வேணும்னாலும் குறைங்க, விக்குல மட்டும் கை வைக்காதீங்க. அஞ்சு பேர் டீமா? எல்லாருக்கும் விக் வேண்டாம். ஹீரோவுக்கும் வில்லனுக்கும் மட்டும். மத்தவங்களுக்குத் தலைப்பாகை.

பத்து நாள்ல முதல் ரெண்டு நாள் படத்தைப் பார்த்து நோட் எடுக்க. மூணு நாள் விக். மூணு நாள் டிரஸ், நகை. மிச்சம் ரெண்டு நாளும் ஒத்திகைக்கு மட்டும். ஒத்திகைன்னா ஃபுல் கெட்டப்ல உக்காரணும், குனியணும், படி ஏறணும், ஆடணும். கடைசியா இருபதாவது வரிசை டெஸ்ட். கிரவுண்டோட அந்தக் கோடியில, விஷயமே தெரியாத ஒரு ஃப்ரெண்டை நிக்க வச்சு ‘நான் யாரு?’ன்னு கேளுங்க. மூணு எண்றதுக்குள்ள பேரைச் சொன்னா பாஸ். யோசிச்சா, நகையைக் கூட்டாதீங்க. முடியைச் சரி பண்ணுங்க.

வேஷம்னா சும்மாவா?

குலசையில இருந்து எடுத்துக்க இன்னொரு விஷயமும் இருக்கு. அங்க மாலை போட்டு விரதம் இருந்துட்டுத்தான் வேஷம் கட்டுறாங்க. வேஷத்தோட வீடு வீடாப் போய் வாங்குற காணிக்கையைத் தனக்குன்னு எடுத்துக்காம கோயில் உண்டியல்ல போடுறாங்க. வருஷம் முழுக்க யார் முன்னாடியோ கை கட்டி நிக்குற மனுஷன், அந்த வேஷத்துல வந்து நின்னா ஊரே கும்பிடுது. அங்க வேஷத்துக்கு இருக்குற மரியாதை அது.

அதனால அடுத்தவங்களை மட்டம் தட்டுற கெட்டப் வேண்டாமே. முகத்துல கறுப்பு மை பூசிக்கிட்டுச் சிரிப்பு காட்டுறது, திருநங்கைகளையும் நரிக்குறவர்களையும் கிண்டல் பண்ற வேஷம், காளி வேஷத்தைக் காமெடி ஸ்கிட்ல இழுத்து விடுறது... இதெல்லாம் பழைய சினிமாக்கள்ல சிரிப்பு வாங்கியிருக்கலாம். உங்க கிளாஸ்ல யாரோ ஒருத்தர் அதைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சா, நீங்க வாங்குற ஃபர்ஸ்ட் ப்ரைஸுக்கு என்ன மதிப்பு?

இன்னொண்ணு. காசு இல்லைங்கிறதுக்காக மேடை ஏறாம ஒதுங்கி நிக்குற ஃப்ரெண்ட் உங்க கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தராவது இருப்பாங்க. ‘எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லப்பா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அவங்களைக் கூப்பிட்டு முதல் முடிச்சைப் போடச் சொல்லுங்க. வலை கிழிஞ்சதா இருக்கலாம், நூல் மலிவா இருக்கலாம். முந்நூறு முடிச்சு முடியும்போது தலையில ஒரு கம்பீரம் ஏறியிருக்கும். அது எந்த வாடகைக் கடையிலயும் கிடைக்காது மக்கா!

என்ன, வலை தேடக் கிளம்பிட்டீங்களா? மறக்காம சோப்புல அலசுங்க!